காவிரிக் கரையின் அலைவரிசை

தஞ்சாவூர் மாவட்டத்து விவசாயிகள் 1960-களில் ஒரு நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஏ.டி.டி. 27 ரகம் அது. ஜப்பானிய ரகமான நோரின் 10-ஐயும், நம் ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவிலிருந்து வந்த ஜி.இ.பி. 24-ஐயும் இனக்கலப்பு செய்து உருவாக்கியது. நூறு நாளைத் தாண்டிச் சில நாளில் அறுவடை. குறுவைப் பருவத்துக்கு ஏற்ற வயது. ஆராய்ச்சி நிலையத்தின் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருந்தது. களத்துமேட்டில் அது ரேடியோ நெல். அதைப் பற்றிக் காவிரிப் பாசன ஊர்களுக்கு வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது திருச்சி வானொலி.

ஒரு வானொலி நிலையத்துக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைக்காது. பாட்டால் பெயர் வாங்கிய நிலையங்கள் உண்டு, நாடகத்தால், செய்தி வாசித்தவரின் குரலால் பெயர் வாங்கியவை உண்டு. பயிர் ஒன்று வானொலியின் பெயரால் ஊர் ஊராகப் போனது இங்கேதான். மத்திய அலை ஒலிபரப்பை உலகமே கைகழுவிக்கொண்டிருக்கும் காலம் இது. நம் நாட்டிலும் பல ஊர்களில் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் அணைந்துவிட்டன. திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணைக் காவிரிப் படுகை மக்கள் மனப்பாடமாக வைத்திருந்ததற்கு என்ன காரணம் என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

தலைநகரமாக இல்லாத ஊர்

தமிழ்நாட்டில் வானொலி சென்னையில்தான் பிறந்தது. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் கையில் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஒரு பழைய குண்டு பல்புக்குப் போகும் மின்சாரம். மூன்று ஆண்டுகளில் பணம் தீர்ந்து கிளப் மூடிக்கொள்ள, கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தன. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, காற்று வாங்க வந்த ஜனங்களுக்குச் சங்கீதம் கொடுத்தார்கள். குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு ஏற்றுவதும் போலப் பாட்டுப் போடுவதும் நகராட்சியின் வேலை என்று ஓர் ஊர் நினைத்த காலம் அது. அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி சென்னையில் தன் நிலையத்தைத் திறந்தது. சென்னைக்குக் கொடுத்தவை இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். மாகாணம் முழுவதற்கும் 10 கிலோவாட் சிற்றலை. நகரத்துக்கு மட்டும் 250 வாட் மத்திய அலை. சிற்றலை தொலைவு போகும், ஆனால் நிலைத்து நிற்காது. வானத்தில் பட்டுத் திரும்பி வருவதால் ஏறும், இறங்கும், சில நேரம் காணாமலே போகும். விலை மலிவான பெட்டியில் அதைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாடு. தென் மாவட்டங்களுக்குத் தெளிவான குரல் வேண்டுமென்றால் நடுவில் ஒரு மத்திய அலை நிலையம் வேண்டும். 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளியில் 5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரோடு அது வந்தது. சென்னையின் மத்திய அலையைப் போல் இருபது மடங்கு வலிமை.

1947 ஆகஸ்டில் நாடு பிரிந்தபோது லாகூர், பெஷாவர், டாக்கா நிலையங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. இந்தியாவுக்கு மிஞ்சியவை ஆறு: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. இந்த வரிசையை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஐந்து தலைநகரங்கள், கடைசியாக நிற்பது ரயில் சந்திப்பும் மலைக்கோட்டையும் உள்ள ஒரு மாவட்டத் தலைமையூர். அந்த ஆறு நிலையங்களின் ஒலி நாட்டின் பரப்பில் இரண்டரை சதவீதத்தையும் மக்களில் 11 சதவீதத்தையும்தான் தொட்டது. மற்ற ஐந்தும் பெருநகரத்துக் காதுகளை மனத்தில் வைத்துப் பேசலாம். திருச்சிக்கு அந்த வசதி இல்லை.

தலைநகரத்தில் இருக்கும் மைக் தானாகவே கோட்டைப் பக்கம் திரும்பும், சபாக்கள் பக்கம், சினிமா ஸ்டூடியோ பக்கம் திரும்பும். திருச்சியில் இருந்த மைக்குக்கு எதிரே கொள்ளிடமும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் இருந்தன. கிழக்கே தஞ்சை வண்டல், தெற்கே புதுக்கோட்டையின் வானம் பார்த்த பூமி. திருநெல்வேலி நிலையம் 1963-ல்தான் திறந்தது, கோயம்புத்தூர் 1966-ல். மதுரை 1987 வரை காத்திருந்தது. 1939-லிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு, சென்னைக்குத் தெற்கே உள்ள தமிழ்நாட்டுக்கு வானொலி என்றால் திருச்சி ஒன்றுதான்.

ஈர மண்ணும் உப்புத் தண்ணீரும்

மத்திய அலை தரையைத் தடவிக்கொண்டு போகிற அலை. பகலில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை டிரான்ஸ்மிட்டரின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை, மண்ணும் தீர்மானிக்கிறது. காய்ந்த பாறையும் செம்மண்ணும் அலையை விழுங்கும். தண்ணீர் நின்று ஊறிய களிமண் நல்ல மின்கடத்தி; அலையை அதிகம் தின்னாமல் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடும். திருச்சியிலிருந்து கல்லணையைத் தாண்டிக் கிழக்கே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடல் வரை விரியும் நன்செய், வானொலிப் பொறியாளர் விரும்பிக் கேட்கக்கூடிய தரை. 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 320 மீட்டர். பின்னாளில் நிலையத்தின் வலிமை 100 கிலோவாட் ஆன பிறகு, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள நாகப்பட்டினத்தில் பட்டப்பகலில் ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் அதைக் கரகரப்பு இல்லாமல் பிடித்தது. (அந்த எண்ணின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1978 நவம்பர் 23 அன்று ஆசிய, ஐரோப்பிய, ஆப்பிரிக்க நாடுகளின் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு மாறின. 936 என்பது 104 ஒன்பதுகள்.)

இதே இயற்பியல் திருச்சி வானொலிக்கு ஒரு பெரிய போட்டியையும் கொண்டுவந்து நிறுத்தியது. ஈர மண்ணைவிட நல்ல கடத்தி உப்புத் தண்ணீர். பாக் நீரிணைக்கு அப்பால் இருந்து புறப்பட்ட இலங்கை வானொலியின் அலை கடல்மேல் வழுக்கிக்கொண்டு வந்து நம் கரையில் ஏறியது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-ல் தொடங்கியது. 1952-ல் நம் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் அது ஒடுங்கிப்போனது. பெட்டியின் முள்ளைக் கொஞ்சம் இலங்கைப் பக்கம் திருப்பினால் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலில் நேற்று வந்த படத்தின் பாட்டு. காரைக்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் இருந்த இளைஞர்கள் எந்தப் பக்கம் திருப்பியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மயில்வாகனனும், பிறகு கே. எஸ். ராஜாவும், பி. எச். அப்துல் ஹமீதும் இந்தக் கரையில் வீட்டுப் பெயர்களானார்கள். டெல்லி 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கியதே இழந்த காதுகளைத் திரும்பப் பிடிக்கத்தான். திருச்சிக்கும் சென்னைக்கும் சேர்த்து வர்த்தக ஒலிபரப்பு 1969-ல் வந்தது.

கேஸ்கரின் முடிவு தவறு என்றே நினைக்கிறேன். மக்களுக்கு எது பிடிக்க வேண்டும் என்று மேலிருந்து தீர்மானிப்பது வானொலியின் வேலை இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் திருச்சி நிலையத்தில் இன்னொரு வேலை நடந்தது. அங்கே மேலிருந்து சொல்வதோடு நிற்காமல், கீழிருந்து கேட்கவும் செய்தார்கள். சினிமாப் பாட்டில் தோற்ற திருச்சி வானொலி வயலில் ஜெயித்தது அதனால்தான்.

பஞ்சாயத்து ரேடியோ

வானொலிப் பெட்டி வைத்திருக்க அப்போது உரிமம் வேண்டும். தபால் ஆபீஸில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை இது இருந்தது. வால்வு செட் ஒன்றின் விலை, மாடியில் ஏரியல் கட்டும் செலவு, உரிமப் பணம் எல்லாம் சேர்த்தால் மிராசுதார் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும்தான் கட்டுப்படி ஆகும். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. ஊராட்சிக் கட்டடத்தின் சிறு அறைக்குள் பூட்டி வைத்த பெட்டி, வெளியே கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி. சாயங்காலம் பொறுப்பாளர் வந்து திறந்து விடுவார். திண்ணையிலும் மண்தரையிலும் துண்டைப் போட்டு உட்கார்ந்து ஊர் கேட்கும்.

கேட்டால் மட்டும் போதாது என்பதை 1956-ல் மராட்டிய நாட்டில் நடத்திய ஒரு சோதனை காட்டிக் கொடுத்தது. யுனெஸ்கோ உதவியோடு புனே நிலையம் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. ஊருக்கு ஒரு குழு ஒன்றாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்கும், முடிந்ததும் விவாதிக்கும், தன் கேள்விகளை நிலையத்துக்கு எழுதும். அடுத்த நிகழ்ச்சி அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பும். சும்மா கேட்ட ஊர்களைவிடக் கூடிக் கேட்டுப் பேசிய ஊர்கள் எவ்வளவோ கூடுதலாகக் கற்றிருந்தன. 1959 நவம்பரில் இது நாடு தழுவிய திட்டமானது.

இதே சமயத்தில் தஞ்சாவூர் இன்னொரு பெரிய சோதனைக்குள் இழுக்கப்பட்டது. விளைச்சலைத் தீவிரமாகப் பெருக்க நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் அது ஒன்று. லூதியானா கோதுமைக்கு என்றால் தஞ்சாவூர் நெல்லுக்கு. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே மூட்டையாக வந்ததால் மக்கள் அதைப் 'பேக்கேஜ்' திட்டம் என்றார்கள். மூட்டை வந்ததே தவிர, அதைப் பிரித்துக் காட்ட ஆள் பற்றவில்லை. கிராம சேவக் என்ற அரசு ஊழியர் ஒருவருக்கு ஒரு கூட்டம் ஊர். சைக்கிளில் அவர் உங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடும்.

நெல் விவசாயத்தில் நாள்தான் எல்லாம். குறுவை நாற்றை இத்தனை நாளில் பறிக்க வேண்டும், தூர் கட்டும் பருவத்தில் மேலுரம் இட வேண்டும், குருத்துப்பூச்சியின் அந்து கண்ணில் பட்ட வாரத்திலேயே மருந்து அடிக்க வேண்டும். பத்து நாள் தாமதமாகக் கிடைக்கும் நல்ல யோசனை உதவாத யோசனை. எல்லா ஊருக்கும் ஒரே மாலையில் போய்ச் சேரக்கூடியது வானொலி ஒன்றுதான். 1966-ல் திருச்சியில் பண்ணை இல்ல ஒலிபரப்புக்குத் தனிப் பிரிவே வந்தது. அதில் வேளாண்மை படித்த அலுவலர்கள் இருந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார்கள், ஏ.டி.டி. 27 போட்டவரையே பேச வைத்தார்கள். ஒரு மா நிலத்துக்கு எத்தனை கலம் கண்டது என்று அடுத்த ஊர்க்காரரே தன் வாயால் சொல்லும்போது, எந்த அதிகாரியின் அறிவுரைக்கும் இல்லாத எடை அதற்கு இருந்தது. கேட்டவர் மறுநாள் பஸ் ஏறிப்போய் அந்த வயலைப் பார்த்துவிட்டு வரலாம். பொய் சொல்ல முடியாத தொலைவு அது.

அந்தத் தொலைவைத்தான் உள்ளூர் வானொலியின் உயிர் என்று நான் நினைக்கிறேன். டெல்லியிலிருந்து காலை 7.15-க்குச் சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்தியை நாடே மரியாதையோடு கேட்டது. ஆனால் குத்தாலத்து வயலில் புகையான் விழுந்தால் அந்தச் செய்தியில் அதற்கு இடம் கிடையாது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, விநாடிக்கு இத்தனை கன அடி வரத்து, இத்தனை வெளியேற்றம்: இந்த மூன்று எண்கள் சென்னைவாசிக்கு வெறும் எண்கள். ஜூன் 12-ல் அணை திறக்குமா என்று நாற்றங்காலோடு காத்திருக்கும் குடும்பத்துக்கு அவையே தலைப்புச் செய்தி. 120 அடி முழு நீர்மட்டம் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் போய் விழுவதால், ஐப்பசி வானிலை அறிக்கையும் அப்படித்தான். களத்தில் கிடக்கும் நெல்லை மூட வேண்டுமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது. கோடியக்கரையிலிருந்து படகு இறக்குகிறவருக்கோ அதில் இருந்தது நெல்லைவிடப் பெரியது.

இந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. ரேடியோ நெல் விளைந்த அதே மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விவசாயத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டத்தின் நடுவே நடந்த படுகொலை அது. விளைச்சல் ஏறியது, அறுத்தவர் கூலி அதற்கேற்ப ஏறவில்லை. புதிய விதையைப் பற்றிய பேச்சு முழுக்க ஏக்கர் கணக்கில் நடந்தது. ஏக்கர் இல்லாதவர்கள் அந்த வயல்களில் பெரும்பான்மை. பஞ்சாயத்து ரேடியோ ஊர்த்தெருவில் இருந்தது. அதன் குரல் காற்றோடு சேரிக்கும் போயிருக்கும். நிலையத்துக்குக் கேள்வி எழுதிய தபால் அட்டைகளில் எத்தனை அங்கிருந்து புறப்பட்டிருக்க முடியும்? கீழிருந்து கேட்டார்கள் என்று மேலே சொன்னேன். அந்தக் 'கீழ்', நிலம் உள்ளவரோடு நின்றுபோனது என்றே எனக்குத் தோன்றுகிறது. ரேடியோ நெல்லைக் கொண்டாடும் எவரும் வெண்மணியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

வரப்பிலிருந்து மைக்குக்கு

வானொலியின் பண்ணை நிகழ்ச்சி தமிழுக்கு ஒரு புது உரைநடையையும் கொடுத்தது. விஞ்ஞானத்தைத் திண்ணைப் பேச்சாக்கும் நடை. அதன் மிகச் சிறந்த விளைச்சல் தென்கச்சி கோ. சுவாமிநாதன். கொள்ளிடக் கரையில் தென்கச்சிப்பெருமாள்நத்தத்தில் பிறந்து, வேளாண்மை படித்து, சொந்த ஊரில் விவசாயமும் செய்தவர். 1977-ல் திருநெல்வேலி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிக்குப் போனார். பிறகு சென்னையிலிருந்து 'இன்று ஒரு தகவல்' சொன்னபோது தமிழ்நாடு முழுவதும் காலை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அவசரப்படாத, குரலை உயர்த்தாத அந்தப் பேச்சு எங்கே பழகியது என்பது வரப்பில் நின்று பேசிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

எழுத்தாளர்களுக்கும் வானொலி சோறு போட்டது. 'அக்கரைச் சீமையிலே' நூலுக்காக 1962-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற மீ. ப. சோமு வானொலிக்காரர். வானொலி நாடகத்துக்குத் தமிழில் வடிவம் கொடுத்தவர்களில் ஒருவரான சுகி சுப்பிரமணியனும் அப்படியே.

இசையில் திருச்சியின் இடம் இன்னும் நெருக்கமானது. நாகஸ்வரமும் தவிலும் பிறந்து வளர்ந்த ஊர்களெல்லாம் அதன் காலடியில். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு வித்வான் காலையில் ரயிலேறி, வாசித்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பலாம். கோயில் திருவிழா நோட்டீஸில் பெயருக்கு முன்னால் 'திருச்சி வானொலி நிலையக் கலைஞர்' என்று அச்சாகும். சம்பாவனை பேசும்போது அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. திருவையாற்று ஆராதனையின் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரடியாக வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வைகுண்ட ஏகாதசி விடியலில் ஸ்ரீரங்கத்துச் சொர்க்கவாசல் திறப்பை வருணித்ததும் இந்த நிலையத்தின் வழக்கம். குறையும் உண்டு. 1940-லிருந்து 1971 வரை அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்திருந்தது. நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் அந்தப் பெட்டியின்மேல்தான் நின்றன. முப்பது ஆண்டுக் காலம் அந்தக் கலைஞர்களின் கருவிக்கு நிலைய வாசல் திறக்கவில்லை. டேப் வருவதற்கு முன் பெரும்பாலும் எல்லாமே நேரடி ஒலிபரப்பு என்பதால், முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பாடியதில் மிகப் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது.

இப்போது

மத்திய அலையைக் கொல்ல யாரும் திட்டமிடவில்லை. எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் அந்த அலைவரிசையில் இரைச்சல் போடுகிறது. செல்போனில் எஃப்.எம். இருக்கலாம், மத்திய அலை கிடையாது. 100 கிலோவாட்டைக் காற்றில் விட, அதைவிடக் கூடுதலான மின்சாரத்தை நாள் முழுக்க இழுக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவர் கண்ணில் அது உறுத்துகிறது. திருச்சியில் ரெயின்போ எஃப்.எம். 102.1-ல் வந்துவிட்டது. ஒலி சுத்தம், இரைச்சல் இல்லை. வானொலியின் செயலியைத் திறந்தால் துபாயிலிருந்தும் திருச்சியைக் கேட்கலாம். இவையெல்லாம் நல்லவையே.

ஆனால் எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போவது. கோபுரத்தின் பார்வை எட்டும் தொலைவோடு, அறுபது எழுபது கிலோமீட்டரில், பெரும்பாலும் நின்றுவிடும். முக்கொம்பு முதல் வேதாரண்யம் வரை ஒரே குரல் என்பது மத்திய அலையால் மட்டுமே முடிந்தது. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் கேட்டார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால், எவ்வளவு திறந்தார்கள் என்று கடைமடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பாசனத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. செல்போன் கோபுரங்கள் ஊமையாயின. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இணையம் வழியே வரும் வானொலி அந்த வாரங்களில் யாருக்கும் உதவியிருக்க முடியாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், உள்நாட்டில் நிற்கும் ஒரு கோபுரமும், இரண்டு பென்டார்ச் பேட்டரி போட்ட பெட்டியும் இருந்தால், எங்கே முகாம், எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே குடிநீர் லாரி என்று சொல்ல முடியும். இதற்கு ஈடான வேறு ஏற்பாடு டெல்டாவின் கடலோரத்துக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மத்திய அலையை வைத்திருப்பதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் கேட்பவர் எண்ணிக்கையும் மின்கட்டணமும் மட்டும் மேசைமேல் இருக்கக் கூடாது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் புயல் வரைபடமும், நீர்வளத் துறையின் காவிரிப் பாசன வரைபடமும் அங்கே விரிந்திருக்க வேண்டும். திருச்சியின் ஒலி எட்டும் வட்டத்தை அவற்றின்மேல் வரைந்து பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் உழவர் சங்கங்களையும், மீனவப் பஞ்சாயத்துகளையும், விவசாயத் தொழிலாளர் அமைப்புகளையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்தை டெல்லியில் வைக்கத் தேவையில்லை, நாகப்பட்டினத்தில் வைக்கலாம்.